இருட்டு அறையில் வைத்த குஞ்சுகள்

என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நான் இங்கே நலம் என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. காய்ச்சல் இல்லை, கால்வலி பழைய கால்வலிதான், எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், நடக்கிறேன், அவ்வளவை நலம் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் நீ அந்தப் பக்கம் அழுகிறாய், நான் இந்தப் பக்கம் ம் ம் என்கிறேன், பிறகு நீ அம்மா லைன்ல இருக்கியா என்று கேட்கிறாய், இருக்கேன் என்கிறேன், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். என் படிப்பு எவ்வளவு என்று உனக்குத் தெரியும், எழுத்து கோணலாக இருந்தால் பேத்தியிடம் காட்டிச் சிரித்துக்கொள், எனக்குக் கோபம் இல்லை.

நீ கேட்டது ஒரே கேள்வி. ஷெட்டை மூடிட்டு இங்க வந்துடும்மா, சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, டிக்கெட் போட்டுடறேன் என்றாய். இங்கே கோழிக் கம்பெனி சூப்பர்வைசரும் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார், அடுத்த குஞ்சு இறக்கட்டுமாம்மா, வேண்டாமா என்று. அவரை அப்பா தராசு என்றுதானே கூப்பிடுவார், எதிரில் நிற்கிற ஆளையே எடை போடுகிற மாதிரி பார்ப்பார் என்பதற்காக. குஞ்சும் தீவனமும் அவர்களுடையது, ஷெட்டும் முதுகுவலியும் நம்முடையது என்று அப்பா யார் கேட்டாலும் சொல்வாரே, அந்த ஏற்பாட்டில் அப்பா இல்லாமல் நான் ஒருத்தி இருப்பதா போவதா என்பதுதான் கேள்வி. உங்கள் இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை, கேள்வி காதில் விழும், உள்ளே போகாது. இப்போது சொல்லிவிடுகிறேன், ஆனால் நடந்ததை முதலில் இருந்து எழுதினால்தான் என் பதில் உனக்குப் புரியும், பொறுமையாகப் படி. பாதியில் கடைசிப் பக்கத்துக்குத் தாண்டாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அன்றைக்கு உன் அப்பா விடிந்ததும் ஷெட்டுக்குப் போய்விட்டார், குஞ்சு லாரி வருகிற நாள். மரத்தூளைப் பரப்பி, அதன்மேல் பேப்பர் விரித்து, தகரத்தை வட்டமாக நிறுத்தி, உள்ளே பல்பு எல்லாம் போட்டு, தண்ணீர்க் குடுவைகளை நிரப்பி வைத்துவிட்டார். பேப்பர் மேலே தீவனத்தைத் தூவியும் விட்டார். குஞ்சு நடந்தால் பேப்பரில் சரசர என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்றது கொத்தும் என்பார். எல்லாம் முடித்து வெளியே வந்து, தண்ணீர் கேட்டார், நான் செம்போடு வருவதற்குள் கதவோரம் உட்கார்ந்திருந்தார், சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குமேல் உனக்குத் தெரியும், அதை நான் எழுத வேண்டாம். நீ வர முடியாமல் போனதை நினைத்து நினைத்துக் குமையாதே. அந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார், புரிந்தது, போனில் நீ பார்த்ததே போதும், நேரில் இருந்த நானே எதையும் பார்க்கவில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது லாரி வந்து நின்றது. யாருக்கும் அது நினைவில் இல்லை. டிரைவர் பாவம், வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு ஹாரனைக்கூட அடிக்கவில்லையாம். சித்தப்பாதான் போனார். எங்க இறக்கறதுண்ணே என்று கேட்டிருக்கிறான். உனக்குத் தெரியுமே, எந்த பேட்ச் வந்தாலும் முதல் குஞ்சை உன் அப்பா தன் கையால் எடுத்து, மூக்கைத் தண்ணீரில் ஒரு தரம் நனைத்து விட்ட பிறகுதான் மற்றதைத் திறப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். சித்தப்பா நின்று பார்த்திருக்கிறார். அண்ணன் உள்ள கெடக்கும்போது, அவர் கையால இறக்காத குஞ்சை நான் எப்படி இறக்கறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெட்டிகளைத் தீவன அறையில் அடுக்கச் சொன்னார். குஞ்சு கத்துகிறது என்று கூடத்தில் யாரோ முகம் சுளித்தார்கள், சாவு வீட்டுல இதென்ன சந்தைக்கடை என்றார்கள். அவர் போய்ப் பெட்டி மேலே சாக்கைப் போர்த்தி, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இருட்டினால் குஞ்சு அடங்கிவிடும். அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்கும் கேட்டது, நல்லது என்று நினைத்தேன்.

சித்தப்பாவுக்கு ஒரு தைரியம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா அடிக்கடி பெருமையாகச் சொல்வாரே, கோழிக்குஞ்சு பொறக்கும்போதே வயித்துக்குள்ள கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வருது, மூணு நாளைக்குக் கவலையே இல்ல, அதான் பொட்டியில போட்டு ஊர் ஊரா அனுப்ப முடியுது என்று. முட்டையின் மஞ்சள் கருவில் கொஞ்சம் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு ஓட்டை உடைக்கிறது. எலக்ட்ரிக் வேலை செய்கிற மனிதர் அதைக் கேட்டிருக்கிறார், மனதில் வைத்திருக்கிறார். கட்டுச்சோறு இருக்குல்ல, ஒரு ராத்திரி தாங்காதா என்று நினைத்திருக்கிறார். அப்பாவை எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடித்து வந்து, மறுநாள் ஆட்கள் கலைந்து, பொழுது சாயும்போது, அடுக்கிய நாற்காலிகளை வைக்கத் தீவன அறையைத் திறந்தவர் அப்படியே வந்து என் எதிரில் நின்றார். அண்ணி, குஞ்சு என்றார். நான் எழுந்து போனேன். பக்கத்து ஷெட்டில் பல்பு எல்லாம் எரிந்துகொண்டே இருந்தது. பேப்பர் விரித்தபடி, தீவனம் தூவினபடி, தண்ணீர் நிரப்பினபடி, கதகதப்பாக, ஒரு உயிர் இல்லாமல். ஒரு சுவர்தான் நடுவில். நடு அடுக்குப் பெட்டிகளில் இருந்தவை மூச்சு முட்டியே போய்விட்டன. மற்றவை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. நானும் சித்தப்பாவும் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கை நனைத்து விட்டோம். அவர் அவசரத்தில் ஆழமாக விட்டுக் குஞ்சின் முகம் முழுக்க நனைந்தது, முக்கிக் கொல்லாதீங்க, நனைச்சா போதும் என்றேன். நான் அழவில்லை. இவள் அழவே இல்லை, நேராகக் கோழிக்குப் போய்விட்டாள் என்று பின்னால் பேசினார்களாம், பேசட்டும்.

பிழைத்தவை தின்ன ஆரம்பித்தன. அதுதான் எங்களை ஏமாற்றியது. நன்றாகத் தின்றன, தண்ணீர் குடித்தன, குடுவை காலியாயிற்று. ஆனால் எடை ஏறவில்லை. எதிர் ஷெட் அக்காவுக்கும் அதே லாரியில், அதே பண்ணைக் குஞ்சுதான் வந்தது. அவள் குஞ்சுக்குச் சிறகு முளைத்துத் தகர வட்டத்தைப் பிரித்துவிட்டபோது, நம்முடையது இன்னும் மஞ்சள் பஞ்சாகவே இருந்தது, ஒன்று பெரிது ஒன்று சிறிது, ஒரே வீட்டில் வயது வித்தியாசம் பார்க்காமல் பெற்றுப் போட்ட மாதிரி. தரையெல்லாம் ஈரம். எச்சத்தைக் குச்சியால் கிளறினால் தீவனம் தீவனமாகவே வந்திருக்கிறது, மக்காச்சோளத் துணுக்குகூட அப்படியே. வாயில் போனது பின்னால் வருகிறது, நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு, என்னடி இது, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதையா இருக்கு என்றாள். அவள் என்னையும் மேலும் கீழும் பார்த்தாள். நான் ரவிக்கையை ஊக்கு போட்டுப் பிடித்திருந்தேன். அவள்தான் அப்போது எனக்குச் சோறு கொண்டுவந்து வைப்பாள், முழுசாகச் சாப்பிட்டுவிடுவேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவ்வளவும் தின்னுட்டு இளைச்சுக்கிட்டே போறியே, எங்கதான் போகுது உனக்கு என்றாள். தெரியல அக்கா என்றேன்.

கோழி டாக்டரம்மா வந்தது அதற்கப்புறம்தான். சின்னப் பெண், உன்னைவிட இளையவள், வண்டியில் இருந்து இறங்கும்போதே காலுக்குப் பாலித்தீன் உறை மாட்டிக்கொண்டு இறங்குவாள். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள், நோய் மாதிரித் தெரியலையே என்றாள். அன்றைக்குச் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். அக்காவிடம், உங்க ஷெட்ல இருந்தும் ஒண்ணு வேணும் என்றாள். நல்லா இருக்கறதைப் போய் அறுக்கக் கேக்கறீங்களே, நோஞ்சானா ஒண்ணு தரேனே என்று அக்கா இழுத்தாள். நோஞ்சான் இவங்ககிட்டயே ஷெட் நெறைய இருக்கும்மா, எனக்கு நல்லதுதான் வேணும் என்றாள் டாக்டரம்மா. அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தீவன டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டையும் திறந்து, குடலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். அக்கா வீட்டுக் குஞ்சின் குடல் தடியாக, நீளமாக, ரோஜா நிறத்தில் இருந்தது. நம்முடையது வெளுத்துப் போய், நூல் மாதிரி. அதுமட்டும் இல்லை, நம் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் கரையாமல், பச்சை ஓடிப் போய், உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அக்காவுடையதில் கருவின் சுவடே இல்லை. கட்டுச்சோத்தை அவிழ்க்கவே இல்ல பாருங்க என்று சித்தப்பா வாசலில் நின்றபடியே சொன்னார். அவர் உள்ளே வரவில்லை.

அந்தப் பெண் கத்தரியால் குடலை நீளவாக்கில் பிளந்து தண்ணீரில் அலசி, தொட்டுப் பாருங்கம்மா என்றாள். நான் விரலை வைத்தேன். நல்ல குடலின் உள்பக்கம் புதுத் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி இருந்தது, பூப்பூவாக, மெத்து மெத்தென்று. நம்முடையது துவைத்துத் துவைத்து நூல் தெரிகிற பழந்துண்டு, வழுக்கை. அவள் சொன்னாள், புதுத் துண்டுல தொடைச்சா தண்ணியை இழுக்குது, பழசுல தொடைச்சா தண்ணி தள்ளிப்போகுது இல்லையா, இதுவும் அப்படித்தான்மா, அந்தப் பூதான் தீனியில இருக்கற சத்தை இழுக்குது, பூ வளரல, அதான் இழுக்க மாட்டேங்குது என்றாள். குஞ்சு பிறக்கும்போது குடல் சரியாக வளர்ந்தே இருக்காதாம். முதல் சில நாளில் உடம்பில் மற்ற எதையும்விடக் குடல்தான் வேகமாக வளருமாம், வீட்டைக் கட்டுவதற்கு முன்னால் சமையல்கட்டைக் கட்டுவது மாதிரி. ஆனால் வாய் வழியாகத் தீனி போய்த் தொட்டால்தான் அது நன்றாக வளரும். உள்ளே இருக்கற கரு உயிரைப் பிடிச்சு வெக்கும்மா, அதை மட்டும் நம்பிக் கெடந்தா குடல் முழிச்சுக்காது, வெளியில இருந்து ஒரு வாய் போனாத்தான் அந்தக் கருவும் சீக்கிரம் கரையும் என்றாள். எனக்கு அதுவரை அது தெரியாது, அப்பாவுக்கும் முழுசாகத் தெரிந்திருக்காது, அவர் கையில் அது பழக்கமாக இருந்தது, அவ்வளவுதான். இனிமே ஏறாதா என்று கேட்டேன். அந்த நாளைத் திரும்ப வாங்க முடியாதும்மா என்றாள், மறைக்காமல் சொன்னாள், அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நுணுக்கிய தீவனமாக, அடிக்கடி வைங்க, தீவனக் கூடையை ஆட்டிக் குஞ்சை எழுப்பி விடுங்க, பாதியாவது தேறும் என்றாள். போகும்போது, நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். காலையில ஒரு மூட்டை, இப்ப அரை மூட்டை தின்னிருக்கும் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகுதான் என்னைத்தான் கேட்டாள் என்று தெரிந்தது.

மறுநாள் தராசு வந்தார். டாக்டரம்மா சொன்னது அவருக்குப் போயிருந்தது. இதைக் கழிச்சு விட்டுடலாம்மா, குழி வெட்ட ஆள் அனுப்பறேன், தின்னும், ஒட்டாது, தீவனம்தான் வீண், உங்க மேல யாரும் குறை சொல்ல மாட்டாங்க என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஏம்மா என்றார். அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பாவம் பார்த்து அல்ல. அதுகள் இல்லாவிட்டால் காலையில் எதற்காகக் காலைத் தரையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். நீ போனில், சித்தப்பாவை இனிமே ஷெட்டுக்குள்ள விடாதம்மா, அவராலதான் இவ்வளவும் என்றாய். யார் உனக்குச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் அன்றிலிருந்து நம் வீட்டுப் படி ஏறவில்லை. விடிந்தால் வருகிறார், தீவன மூட்டையைச் சுமக்கிறார், கூடையை ஆட்டுகிறார், ஈர மரத்தூளை வாருகிறார், போய்விடுகிறார். சாப்பிட வாங்க என்றால், ஆச்சு அண்ணி என்பார். எங்கே ஆச்சு, கடை திறக்கும் முன்னே வந்தவருக்கு எங்கே ஆகும். நான் இரண்டாம் முறை கூப்பிட மாட்டேன், கூப்பிடுகிற தெம்பு இல்லை. ஷெட்டில் ஒரு கோடியில் அவர், ஒரு கோடியில் நான், நடுவில் வளராமல் நின்றுபோன சுண்டுக் குஞ்சுகள். பேச்சே இல்லை. ஒரு நாள் மட்டும், இதுங்க என்னைப் பாத்தா ஓடுது அண்ணி, உங்களைப் பாத்தா வருது என்றார். நான் தீனி வெச்சிருக்கேன், நீங்க வெளக்குமாறு வெச்சிருக்கீங்க என்றேன். சிரித்தார். பிறகு சிரித்தது தப்பு என்பது போல வெளியே போய்விட்டார்.

பாதிக்கு மேல் தேறின. கோழி பிடிக்கிற ஆட்கள் வந்து தூக்கித் தராசில் கட்டினபோது சூப்பர்வைசர் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தார், நான் நெனைச்ச அளவுக்கு மோசம் இல்லம்மா என்றார். தேறாத சுண்டுகளை அவர்கள் ஏற்றவில்லை, அவை இப்போது கொல்லைப்பக்கம் தன் பாட்டுக்குத் திரிகின்றன, கோழியா புறாவா என்று தெரியாத அளவில். லாரி போனதும் ஷெட் காலியாயிற்று. அதன் பிறகுதான் நான் படுத்தேன். காய்ச்சல் எல்லாம் ஒன்றும் இல்லை. காலையில் கண் திறக்கும், கூரையைப் பார்ப்பேன், மறுபடி மூடிக்கொள்வேன். நீ போன் செய்தாய், வந்துடும்மா என்றாய், ம் என்றேன், அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். உன் மேல் தப்பில்லை. நானே அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். பெட்டியில் இரண்டு புடவையை மடித்துக்கூட வைத்தேன். பேத்தி என் தலையை வாரி விடுவதாகச் சொன்னாளே, அதை நினைத்துப் பார்த்தேன். அவள் சின்னக் கை என் தலையில் படுகிறது என்று நினைத்தேன், நினைவில்கூட அது படவில்லை. அன்றைக்கு எனக்கு என் மேலேயே கொஞ்சம் பயம் வந்தது. நடந்ததிலிருந்து எனக்கு வந்த ஒரே ஒரு உணர்ச்சி அதுதான், அதனால் சொல்கிறேன்.

நான் படுத்திருந்த அந்த நாட்களில் சித்தப்பா யாரும் சொல்லாமலே ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒயர் எல்லாம் மாற்றி, தீவன அறைக்குப் பெரிய ஜன்னலாக ஒன்று உடைத்து வைத்துவிட்டார். தராசு வந்து வாசலில் நின்று, என்னம்மா முடிவு, குஞ்சு இறக்கறதா இல்லையா, இறக்கினா யார் பேர்ல இறக்கறது என்றார். நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். அண்ணி பொண்ணுகிட்ட போகட்டும் சார், அங்க நாலு பேர் கவனிப்பாங்க, இங்க எதுக்கு, என் பேர்ல எறக்குங்க, செத்தாலும் பொழைச்சாலும் என் தலையில போகட்டும் என்றார். எனக்காகத்தான் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன், சுண்ணாம்பு அவர் புருவத்தில்கூட இருந்தது, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எனக்கு மட்டும் ரவிக்கை தளர்ந்ததாக அக்கா சொல்கிறாள், இந்த மனிதருக்குச் சொல்ல ஆளில்லை. என் பேர்ல எறக்குங்க என்றேன் தராசிடம். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சித்தப்பா, அண்ணி யோசிச்சு என்றார். யோசிக்க எல்லாம் முடியல, எறக்கட்டும் என்றேன்.

இன்று காலை லாரி வந்தது. பழைய டிரைவர்தான், இந்தத் தரம் வாசலிலிருந்தே ஹாரன் அடித்தான். பல்பு முன்னாலேயே போட்டு வைத்திருந்தோம், தரை கதகதப்பாக இருந்தது, பேப்பர், தீவனம், தண்ணீர் எல்லாம். முதல் பெட்டியைத் திறந்தோம். முதல் குஞ்சை யார் எடுப்பது என்று சித்தப்பா நிற்கிறார். அவர் என்னைப் பார்க்கிறார், நான் பேப்பரைப் பார்க்கிறேன். டிரைவர் வேறு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நிற்கிறான், இன்னும் கொஞ்ச நேரம் போனால் மூன்று பேரும் அப்படியே சிலையாகிவிடுவோம் போல இருந்தது. நான் பெட்டியைத் தூக்கித் தாழ்வாகப் பிடித்து அப்படியே பேப்பரில் சாய்த்துவிட்டேன். மொத்தமாக, முதல், கடைசி என்று இல்லாமல். அடுத்ததையும் சாய்த்தேன். அண்ணி என்றார் சித்தப்பா. நின்னுட்டிருக்காதீங்க, அந்தப் பக்கம் நீங்க கவுத்துங்க, பசியோட வந்திருக்கு என்றேன். அவர் கவிழ்த்தார். சரசர என்று பேப்பர் சத்தம் வந்துவிட்டது. சாயந்திரம் இரண்டு பேரும் உட்கார்ந்து குஞ்சின் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தோம். கல்லாக இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை, பலூனாக இருந்தால் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறது, கூழாக இருந்தால் இரண்டும் போயிருக்கிறது. கூழாகத்தான் இருந்தது. அவர் தொட்டதையும் என்னைத் தொடச் சொன்னார், நம்பிக்கை வரவில்லை அவருக்கு. எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது. பிறகு நான் இரண்டு தட்டில் சோறு போட்டு ஷெட் வாசலுக்கே கொண்டுபோய் வைத்தேன். வீட்டுப் படி ஏற மாட்டார் என்றால் சோறு படி இறங்கட்டும் என்று. சாப்பிட்டார். எனக்கும் வைத்தது காலியாயிற்று. ருசி கேட்காதே.

இதுதான் என் பதில். இப்போது நான் வரவில்லை. உன் மேல் ஆசை இல்லாமல் இல்லை, ஷெட் மேல் ஆசையும் இல்லை. நான் இப்போது அங்கே வந்தால், நீ விதவிதமாகச் செய்து வைப்பாய், நான் தட்டைக் காலி செய்வேன், அம்மா தேறிட்டாள் என்று மாப்பிள்ளையிடம் சொல்வாய். நீ ஊட்டுகிறது எதுவும் எனக்குள் நிற்காது, அது ஒருநாள் உனக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கு நீ உடைந்து போவாய். அது வேண்டாம். எனக்கு ஒருவர் தீனி வைப்பதைவிட நான் எதற்காவது தீனி வைத்துக்கொண்டிருப்பது இப்போதைக்கு நல்லது. என்றைக்காவது ஒரு வாய் சோற்றில் உப்பு கூட இருக்கு, குறைச்சலா இருக்கு என்று எனக்குத் தெரியட்டும். தெரிந்த அன்றைக்கு நானே போன் செய்து டிக்கெட் போடு என்பேன், நீ கேட்க வேண்டாம். அதுவரை வருத்தப்படாமல் இரு. பேத்தியிடம் பாட்டி வராமல் இல்லை, தாமதமாக வருகிறாள் என்று சொல். உன் போனில் அப்பா பேசினது ஏதாவது இருந்தால் அழிக்காதே, எனக்கு அனுப்பவும் செய்யாதே, உன்னிடமே இருக்கட்டும். நீ வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில் காலையில் சாப்பிடாமல் போகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார், அவரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். எதையாவது வாயில் போட்டுக்கொண்டு போ.

மறக்காமல் ஒன்று செய். சித்தப்பாவுக்குப் போன் போடு. நீ பேசாமல் இருப்பது அவருக்குத் தெரியும், மணி அடித்தால் நீயாக இருக்காதா என்று எடுத்துப் பார்க்கிறார், இல்லை என்றால் வைத்துவிடுகிறார். அவரிடம் நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம், மன்னிச்சேன் என்கிற பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், அது அவர் தொண்டையில் இறங்காது. குஞ்சு தின்னுதா சித்தப்பா என்று மட்டும் கேள்.

நீங்கள் மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, அது உடம்பில் சேர்ந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஷெட் வாசலில் உட்கார்ந்து எழுதின,
உன் அம்மா